விரல்களுக்குப் பரிசாக விசாகப்பட்டினம்

கம்பெனி செலவில் குடும்பத்தோடு விசாகப்பட்டினம் போகலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததைப் படித்த அன்று, எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒருத்தரும் கைதட்டவில்லை. படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எல்லோரும் அவரவர் மெஷினைப் பார்த்தோம், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சொந்தக்காரரைப் பார்ப்பது போல.

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ரோட்டில் கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருந்தால் கம்பெனி நன்றாக ஓடுகிறது என்று பொருள். சாம்பாரில் திடீரென்று முருங்கைக்காய் தட்டுப்பட்டால்தான் கடன் பாக்கியை எண்ணிப் பார்ப்போம். எங்களுக்கு நாலு கேட் தள்ளி இருந்த ஒரு கம்பெனியில், மூடுவதற்கு முந்தின மாதம் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி போட்டு, ஆளுக்கொரு சக்கரம் வைத்த பெட்டியும் கொடுத்தார்கள். வாங்கினவர்கள் எல்லாம் எங்களிடம் அதை உருட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். பெட்டியை எதற்குக் கொடுத்தார்கள் என்பது அடுத்த மாதம்தான் விளங்கியது.

சுற்றுலாவுக்குக் கம்பெனி சொன்ன காரணம், ஒரு வருஷமாக எங்கள் ஷாப்பில் விபத்தே இல்லை என்பது. கார் கதவுக்குக் கீல் அடிக்கிற இடம் அது. விபத்து என்றால் விரல்தான். ஆக, எங்கள் விரல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்ததற்குப் பரிசாக விசாகப்பட்டினம். அதற்கு முந்தின வருஷமும் விரல்கள் பத்திரமாகத்தான் இருந்தன. அப்போது ஆளுக்கொரு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார்கள், அதுவும் கால் கிலோ. கால் கிலோ மைசூர்பாக்கிலிருந்து ஒரே தாவலில் விசாகப்பட்டினம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

என்னுடைய வேலை பிரஸ்ஸுக்கு டை, அதாவது இரும்புத் தகட்டை அழுத்தி உருக்கொடுக்கிற அச்சு, மாற்றிக் கொடுப்பது. சம்பளமில்லாத இன்னொரு வேலையும் உண்டு, எல்லோரையும் சிரிக்க வைப்பது. அதில் ஒரு கஷ்டம் என்னவென்றால், நான் நிஜமாகவே பயந்து போய் எதையாவது சொன்னாலும் முதலில் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். "நம்மள அனுப்பி வெச்சுட்டு மெஷினைத் தூக்கப் போறானுங்க" என்றேன். ஷாப்பே சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெண் பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து நான் அந்த மெஷினோடு இருக்கிறேன். அவள் இப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. வீட்டில் வருகிற சம்பளம் ஒன்றே ஒன்று, அது என்னுடையது. இந்த வயதில் வேலை போனால் வெளியே என்னை எடுக்க ஆள் கிடையாது. இப்போதெல்லாம் இருபது வயசுப் பையன்களையே காண்டிராக்டில் எடுத்து, அவர்கள் பெயர் மனப்பாடமாவதற்குள் அனுப்பிவிடுகிறார்கள்.

இப்படியாகக் குடும்பத்தோடு துக்கத்துக்குப் போகிறவன் மாதிரி நான் ரயிலேறினேன். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். எங்களைக் கூட்டிப் போக எச்.ஆர். அதிகாரி ஒருவர் வந்தார். மதுரைப் பக்கத்து இளைஞர், கல்யாணமாகாதவர், தொழிலாளிகளை அண்ணே என்று கூப்பிடுகிறவர். அதுவே எனக்கு ஆகாது. பணிவான எச்.ஆரை நான் நம்புவதில்லை. ரயிலில் அவர் ஒவ்வொரு குடும்பமாக வந்து, படுக்கை சரியாக இருக்கிறதா, குழந்தைக்குப் பால் வேண்டுமா என்று கேட்டதும் எனக்கு நாலு கேட் தள்ளி வெந்த பிரியாணி மணத்தது.

என் மனைவி இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அடுத்த பெட்டியில் இருந்த வாலாஜாபாத்துக்காரர் குடும்பத்தோடு போய் உட்கார்ந்துவிட்டாள். வாலாஜாபாத்துக்காரர் என்னோடு டை மாற்றுகிறவர், என்னைவிட இரண்டு மடங்கு பயந்தவர். அவருடைய மனைவி மண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறார். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். என் மனைவி அவரை அக்கா என்பாள். இருவரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்கள். புடவைப் பேச்சாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் சந்தேகம் எல்லாம் கம்பெனி மேல் செலவாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு மிச்சம் வைக்கவில்லை.

விசாகப்பட்டினத்தில் முதலில் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கூட்டிப் போனார்கள். ஓய்வு கொடுத்த கப்பலைக் கடற்கரையில் ஏற்றி நிறுத்தி, டிக்கெட் போட்டு உள்ளே விடுகிறார்கள். நுழைவாயிலில் சீருடை போட்ட ஒருவர் நின்றிருந்தார். அவரைக் கண்டதும் எங்கள் ஷாப் ஆண்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று, இரண்டு கையையும் அகல விரித்து, உடம்பைத் தடவிப் பார்க்கத் தயாராகக் காட்டினோம். தினமும் கம்பெனி கேட்டில் செய்து செய்து வந்த பழக்கம். அந்த ஆள் டிக்கெட் கிழிக்கிறவர். எங்களைப் பார்த்துப் பயந்து ஒரு அடி பின்னால் போனார். என் பெண் தலையில் அடித்துக்கொண்டு வேறு குடும்பத்தோடு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே போயும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் மாலுமி படுக்கிற இடத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். நாங்கள் ஒரு வால்வுக்குக் கீழே குனிந்து ஆயில் கசிகிறதா என்று பார்த்தோம். ஒரு சக்கரத்துக்கு மூடி இல்லை, கை போய்விடும் என்று வாலாஜாபாத்துக்காரர் கவலைப்பட்டார். எச்.ஆர். அதிகாரி அதையும் போட்டோ எடுத்தார். எதற்கெடுத்தாலும் போட்டோ எடுத்தார். குடும்பம் குடும்பமாக நிற்க வைத்து, சிரிக்கச் சொல்லி எடுத்தார். கடைசிப் போட்டோ என்று எனக்குத் தோன்றியது. வேலை முடிந்த கப்பலை உடைத்து எடைக்குப் போடாமல் இப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்களே, எங்களையும் ஒரகடம் ரோட்டோரத்தில் வரிசையாக நிறுத்தி டிக்கெட் போடலாமே என்று அவரிடமே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். இதில் இவருக்கு என்ன சிரிப்பு என்று அதுவும் சந்தேகமாகிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு துறைமுகப் படகு. மீன்பிடித் துறையிலிருந்து கிளம்பி, மலை மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற இடம் வரை போய்த் திரும்பும் சவாரி. பெண்கள் எல்லாம் அலை மேலே தெறிக்கும்போது கூச்சலிட்டுச் சந்தோஷமாக இருந்தார்கள். படகுக்காரர் தெலுங்கில் ஏதோ சொன்னார். வாலாஜாபாத்துக்காரர் மனைவி பிறந்தது திருத்தணிப் பக்கம், தெலுங்கு தெரியும். இந்த இடத்தில் போட்டோ எடுக்கக் கூடாதாம் என்று சொன்னார். போட்டோ எடுக்கக் கூடாது என்று எங்கள் கம்பெனியில் எதைப் பற்றிச் சொல்வார்கள்? மெஷினைப் பற்றி. உடனே நான் துறைமுகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

தூரத்தில் ஒரு கிரேன், நீலத் தார்ப்பாய் சுற்றிய ஒரு பெரிய சாமானைத் தூக்கிக்கொண்டிருந்தது. தோள் அகலம், இடுப்பு சிறுத்து, கீழே மறுபடி அகலம். கூட்டத்தில் என் மனைவியைப் பின்னாலிருந்து பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். அதே மாதிரிதான் இதுவும். என் பிரஸ் என்று முடிவு பண்ணிவிட்டேன். பெண்ணின் காதில் சொன்னேன். அவள் என்னை டாக்டர் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மெட்ராஸ்லயே ஹார்பர் இருக்குப்பா. அதை விட்டுட்டு இவ்ளோ தூரம் கொண்டு வந்து யாராவது ஏத்துவாங்களா?"

"அங்க ஏத்துனா நமக்குத் தெரிஞ்சிடும் இல்ல? அதான் இங்க."

"நம்மளயும் இங்கதானே கூட்டினு வந்துகிறாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் பயந்தவனுக்கு நியாயம் எதற்கு? படகிலிருந்து இறங்கியதும் கம்பெனி கேட்டில் இருக்கிற செக்யூரிட்டிக்குப் போன் போட்டேன். எங்கள் ஊர்ப் பையன்தான். பிரஸ் ஷாப் வரைக்கும் போய் என் மெஷின் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"ஷட்டரு எறக்கிக் கீது ணா. உள்ள போவ வுட மாட்டேன்றாங்க. பெயிண்ட் வாசனை வர்து. லாரி ஒண்ணு வந்து நின்னுனு கீது."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். பழைய மெஷினுக்கு எப்போது பெயிண்ட் அடிப்பார்கள்? விற்கும்போதுதான். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி ஏமாந்த எனக்கு அது தெரியாதா?

இதை நான் ஒருத்தரிடம் மட்டும்தான் சொன்னேன். அந்த ஒருத்தர் வாலாஜாபாத்துக்காரர் என்பதுதான் தப்பாகப் போய்விட்டது. அன்று சாயங்காலம் கடற்கரையில் எங்கள் கூட்டத்தைப் பார்த்தவர்கள், யாரோ கடலோடு போய்விட்டார்கள், உடலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆண்கள் எல்லாம் மணலில் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பலூன் கேட்ட பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. சங்குக் கடைக்குப் போன பெண்களைக் கூப்பிட்டுத் திருப்பினார்கள். எச்.ஆர். அதிகாரி கூடை நிறைய மசாலாப் பொரி வாங்கி வந்து ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டோமே தவிர ஒருவரும் வாயில் போடவில்லை. அவர் போன பிறகு அது மொத்தத்தையும் தின்று தீர்த்தோம். பயத்துக்கும் பசிக்கும் எப்போதும் சம்பந்தம் கிடையாது.

என் மனைவி மட்டும் சற்றுத் தள்ளி அந்த அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். இருவர் தலையும் மறுபடி ஒட்டியிருந்தது. பாவம், என் வேலை போவதை எண்ணி அக்காவிடம் சொல்லி அழுகிறாள் போல என்று நினைத்தேன். எனக்கே என் மேல் இரக்கம் வந்தது.

மறுநாள் மலைக்கு மேலே ரோப் கார். நான் வர மாட்டேன், கீழேயே இருக்கிறேன் என்றேன். நிஜத்தில் செக்யூரிட்டிக்கு இன்னொரு போன் போடத்தான். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"வேல போச்சுன்னா ஊருக்குப் போயி பாத்துக்கலாம். ரோப் காரு ஒரகடத்துக்கு வராது. ஏந்துரு."

எழுந்தேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் எச்.ஆர். அதிகாரி நின்றிருந்தார். பெட்டிக்குள் நான், மனைவி, பெண், அவர். கதவைச் சாத்தினார்கள். கீழே மரமும் பாறையும் நகர, ஒரு பக்கம் கடல் முழுசாகத் தெரிந்தது. தப்பித்துப் போக அவருக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை. கேட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினேன்.

பழக்க தோஷம், வேடிக்கையாகத்தான் வாயில் வந்தது. எங்கள் மெஷினை நேற்று ஹார்பரில் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, உங்களை விசாரித்தது என்றேன். அவர் சிரித்தார். லாரி வந்திருக்கிறதாமே, எங்களையும் அதிலேயே ஏற்றிவிட்டிருக்கலாமே, ரயில் டிக்கெட் மிச்சம் என்றேன். இன்னும் சிரித்தார். பெட்டி ஆடியது. மனைவி என் காலை மிதித்தாள்.

"சார், சிரிக்காதீங்க சார். என் பொண்ணு ரெண்டாவது வருஷம் படிக்குது."

இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என்ன ஏது என்று கேட்டார். முருங்கைக்காயிலிருந்து தார்ப்பாய் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அண்ணே, தரைக்கு பெயிண்ட் அடிக்கிறாங்கண்ணே. மெஷினுக்கு இல்ல, தரைக்கு. அது காயுற வரைக்கும் ஒருத்தரும் உள்ள கால் வைக்கக் கூடாது. உங்கள வீட்ல உக்கார வச்சாலும் சம்பளம் குடுத்துத்தான் ஆகணும். அப்ப எங்கிட்டாச்சும் கூட்டிட்டுப் போவோம்னு நான்தான் மேல சொன்னேன்."

அதாவது, தரை காய்வதற்காக எங்களைக் கடல் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். விரலுக்குப் பரிசு என்றதெல்லாம் நோட்டீஸ் அழகாக இருப்பதற்காக. அந்த லாரி பெயிண்ட் டப்பா கொண்டு வந்த லாரி. போட்டோ எடுத்தது எதற்கு என்று கேட்டேன். செலவு பண்ணியதற்கு மேலே கணக்குக் காட்ட வேண்டாமா என்றார். பிறகு அவரே கொஞ்சம் தயங்கி, அவருக்கிருந்த பயத்தையும் சொன்னார். நாங்கள் கூடிக் கூடிக் குசுகுசுவென்று பேசியதையும், அவரைக் கண்டதும் வாயை மூடியதையும், பொரியை வாங்கிக்கொண்டு தின்னாமல் இருந்ததையும் பார்த்து, தொழிற்சங்கம் ஆரம்பிக்கப் போகிறோம், உண்ணாவிரதம் தொடங்கிவிட்டது என்றே நினைத்துவிட்டாராம். கம்பெனி செலவில் கூட்டி வந்து சங்கம் வைத்துக் கொடுத்தவன் என்று அவர் வேலைதான் போய்விடும் என்று அவருக்குத் தூக்கமே இல்லையாம்.

மலை மேலே இறங்கியதும் நான் ஓடிப் போய் எல்லோரிடமும் சொன்னேன். முதலில், நான் எதிர்பார்த்தபடியே, யாரும் நம்பவில்லை. எச்.ஆரே வந்து சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. அதற்கப்புறம் கீழே இறங்கிய கூட்டம் சங்குக் கடைக்குள் புகுந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எச்.ஆர். கெஞ்சினார். வாலாஜாபாத்துக்காரர் ஒரு மரக் கப்பல் வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை ஷாப்புக்குள் போனோம். தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தது. அதன் மேல் என் மெஷின், அதே அழுக்கோடு, அதே ஆயில் வாடையோடு நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு சொட்டுப் பெயிண்ட்கூட யாரும் அடிக்கவில்லை. அன்றைக்கு சாம்பார் வழக்கம்போல் தண்ணியாக இருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் மனைவி, மண்ணூர் கம்பெனியில் மெடிக்கல் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். காய்கறி வாங்கப் போகிறேன் என்பது போலத்தான் சொன்னாள். யாருக்கு டெஸ்ட் என்று கேட்டேன். எனக்குத்தான் என்றாள். அக்கா பேசி வைத்திருந்தாராம், பேக்கிங்கில் நாற்பது தாண்டினவர்களையும் எடுக்கிறார்களாம். உனக்குத்தான் வேலை போகப் போகிறதே, குடும்பம் எப்படி ஓடும் என்று கடற்கரையில் அக்காவிடம் கேட்டு வைத்தேன் என்றாள். இப்போதுதான் போகவில்லையே என்றேன். கேட்டது கேட்டாச்சு, அக்கா முகத்தில் எப்படி முழிப்பது என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. நான் செய்த கலாட்டாவுக்கு நானே பொறுப்பு என்று தலையாட்டிவிட்டேன்.

அவள் வேலையில் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கிய பிறகு, ஒரு நாள் டை மாற்றும்போது வாலாஜாபாத்துக்காரர் வாயைவிட்டார். என் மனைவி அவர் வீட்டம்மாவிடம் வேலை கேட்டது கடற்கரையில் இல்லையாம். போகும்போதே, ரயிலிலேயே கேட்டுவிட்டாளாம். அதற்கும் முன்னால் போனிலேயே ஒரு தடவை பேச்செடுத்திருந்தாளாம். கடற்கரையில் தலையை ஒட்டி உட்கார்ந்து பேசியது, மண்ணூர் பஸ் எங்கள் ஊர் மூலைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று.

நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பளபளத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், எச்.ஆரைச் சந்தேகப்பட்டேன், தார்ப்பாயைச் சந்தேகப்பட்டேன். நிஜமாகவே திட்டம் போட்டுக்கொண்டிருந்தவள் எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டேன். மறுக்கவில்லை. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீ பயந்துனு கெடந்த, அது எனக்கு சவுரியமா போச்சு. சும்மா வந்து கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப? எதுனா ஜோக் சொல்லி சிரிக்க வெச்சு, சமையக்கட்டுக்கு அனுப்பியிருப்ப. எத்தினி வாட்டி அனுப்பிகீற."

எத்தனை தடவை என்று யோசித்துப் பார்த்தேன். அவள் முன்னால் எண்ணினால் விவகாரமாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

இப்போது எனக்கு இரண்டாம் ஷிப்ட் வருகிற வாரங்களில், காலையில் அவளை ஊர் மூலை வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். மண்ணூர் பஸ் வந்து நிற்கும். உள்ளே பெண்கள் இப்படி நகர்ந்து அப்படி நகர்ந்து அவளுக்கு இடம் கொடுப்பார்கள். ஜன்னலோரத்தில் அந்த அக்கா இருப்பார். பஸ் கிளம்பும்போது ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நான் நிற்பேன். அதற்குள் அவள் பக்கத்தில் இருப்பவர்களிடம் என்னவோ சொல்ல ஆரம்பித்திருப்பாள். அந்த சீட், அதற்குப் பின் சீட், அதற்கும் பின் சீட் எல்லாம் குலுங்கிச் சிரிக்கும்.

என்ன சொல்கிறாள் என்று கேட்காது. என்னைப் பற்றித்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.